பொதிகையில் பார்த்த ஊரும் நம் தூங்குமூஞ்சி மரமும்

(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம். மைக் இரண்டு முறை நின்றுபோனதால், பின் வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்காமல் போன பகுதிகளையும் சேர்த்து எழுதித் தரும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார்.)



"பணி ஓய்வுக்குப் பிறகு நேரத்தைப் பயனுள்ளதாகக் கழிப்பது எப்படி" என்ற தலைப்பில் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். நான் படித்தது பி.காம். வேலை பார்த்தது வங்கியில் கிளார்க்காக. லெட்ஜர், டே புக், கேஷ் கவுண்டர் தவிர வேறெதுவும் தெரியாதவன். நான் பேசப்போவது பறவை பார்ப்பதைப் பற்றி. விலங்கியல் படித்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் பிழை பொறுக்க வேண்டும்.

முதலில் டிவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் ஆரம்பித்தது. நம் வீட்டுக்கு டிவி வந்தது அதற்கு வெகு காலம் கழித்துத்தான். மொட்டை மாடியில் ஒருவர் ஆண்டெனாவைத் திருப்ப, கீழே ஒருவர் "தெரியுது, தெரியுது, ஐயோ போச்சு" என்று கத்திய காலம் பலருக்கும் நினைவிருக்கும். 'ஒளியும் ஒலியும்' என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்து உட்காருவார்கள். 'வயலும் வாழ்வும்' வந்தால் எழுந்து போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் அதை முழுசாகப் பார்த்தவர் என் அப்பா ஒருவர்தான். அவர் அம்மாபேட்டையில் பட்டுத்தறி ஓட்டியவர். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. "உங்களுக்கு எதுக்குப்பா உரமும் பூச்சி மருந்தும்?" என்று ஒருநாள் கேட்டேன். "அதுல நம்மள மாதிரி ஆளுங்க பேசறாங்கடா" என்றார். அப்போது எனக்கு அது புரியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு நானும் அந்தச் சேனலுக்கே வந்து சேர்ந்தேன். பொதிகை. 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எனக்கு வாயில் வருவது இன்னும் பொதிகைதான். வீட்டில் சீரியல் முடிந்து ரிமோட் என் கைக்கு வரும் நேரத்தில் அதில் ஏதாவது ஒரு ஊரைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். அவசரமில்லாமல் காட்டுவார்கள். ஒரு கொக்கைக் காட்டினால் அது மீனைப் பிடித்து விழுங்கும்வரை கேமரா அங்கேயே நிற்கும். விளம்பரம் கிடைக்காததுதான் காரணம் என்று என் மகன் கேலி செய்வான். இருக்கட்டுமே.

2022-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் ஒருநாள் இரவு அதில் கூந்தன்குளத்தைக் காட்டினார்கள். திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரிப் பக்கம் இருக்கிற ஊர். 1994-ல் அரசு சரணாலயமாக அறிவித்த இடம். சரணாலயம் என்றதும் முள்வேலி, டிக்கெட் கவுண்டர், "உள்ளே செல்லாதீர்" பலகை என்றுதான் நான் நினைத்திருந்தேன். கூந்தன்குளத்தில் பறவைகள் ஊருக்குள்ளேயே கூடு கட்டுகின்றன. வீட்டுக் கொல்லையில் நிற்கிற மரத்தில் செங்கால் நாரை அளவுக்குப் பெரிதான சங்குவளை நாரை. கூழைக்கடா. கீழே ஒரு அம்மா பாத்திரம் துலக்குகிறார், மேலே குஞ்சு கத்துகிறது. குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் வேறு வருகின்றன. மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வரும் வாத்து அது. அதற்கும் இந்தக் குளத்து முகவரி தெரிந்திருக்கிறது.

அந்த ஊரில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து, மீன் ஊட்டி வளர்த்தவர் அதே ஊரைச் சேர்ந்த பால்பாண்டி. பறவை மனிதர் என்று பெயர் வாங்கியவர். பறவைகளின் எச்சம் சேர்ந்த குளத்து வண்டலை அள்ளி வயலுக்கு அடிக்கிறார்கள். நாற்றம் இருக்கிறது, வீட்டு முற்றம் வெள்ளையாகிறது, அதையெல்லாம் அந்த ஊர் மக்கள் சகித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பறவை வந்தால் அந்த வருஷம் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையும் அங்கே உண்டு. அன்றைக்கு நான் கண் கலங்கியதை என் மனைவி பார்த்துவிட்டாள். "ஏங்க, நாரையைப் பார்த்தா அழறது?" என்றாள். நான் அழுதது நாரையைப் பார்த்து இல்லை. அந்த ஊர் ஆட்கள் பேசிய விதம். கூச்சமில்லாமல், அவரவர் பேச்சில், கேமரா இருப்பதையே மறந்து பேசினார்கள். அப்பா சொன்னது அன்றைக்குப் புரிந்தது.

இனி சொல்லப்போவது உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்ததுதான்.

அந்த நிகழ்ச்சியைப் பார்த்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கார்த்திகை மாதம் நம் சங்கத்தில் ஒரு தீர்மானம் வந்தது. முன்பக்கக் கார் நிறுத்துமிடத்தில் நின்ற வாகை மரத்தில் மடையான்கள் கூடு கட்டி, கார்கள் மேல் எச்சம் போடுகின்றன. ஆகவே மரத்தை வெட்டுவது. மடையான் என்றால் நாம் குருட்டுக் கொக்கு என்கிறோமே, அது. உட்கார்ந்திருந்தால் மண் நிறம், பறந்தால் பளீரென்று வெள்ளை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஏகமனது என்பதில் என் மனதும் உண்டு. மினிட்ஸ் புத்தகத்தைத் திருப்பிப் பாருங்கள், ஒன்பதாவது கையெழுத்து என்னுடையது. கூந்தன்குளத்தைப் பார்த்துக் கலங்கியவனும் நான்தான், கையெழுத்துப் போட்டவனும் நான்தான். அன்றைக்கு இரண்டும் வேறு வேறு விஷயமாகத் தோன்றியது. அது டிவியில் வந்த ஊர். இது நம் கார் பார்க்கிங்.

மரம் வெட்டிய அன்று நான் இங்கேதான் இருந்தேன். இரண்டாவது கிளை விழுந்தபோது கூடுகளும் விழுந்தன. முட்டைகள் வெளிர் நீலமும் பச்சையும் கலந்த நிறம். அதுவரை நான் பார்த்ததில்லை, சிமென்ட் தரையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். சில கூடுகளில் குஞ்சுகள் இருந்தன. நம் வாட்ச்மேன் ஏழு குஞ்சுகளைப் பொறுக்கி ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு வைத்தார். பாலில் நனைத்த பிரெட்டை நாங்கள் ஊட்டப் பார்த்தோம். கொக்குக் குஞ்சுக்குத் தாய் பறவை விழுங்கிய மீனையும் தவளையையும் கக்கித்தான் ஊட்டும் என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மறுநாள் காலை பெட்டியை வாட்ச்மேன் எங்கேயோ கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை. பெரிய பறவைகள் மூன்று நாள் காம்பவுண்டுச் சுவர் மேலேயே உட்கார்ந்திருந்தன.

குற்றம் யார் மேலும் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நான் கணக்குப் பிள்ளை, கணக்கைச் சொல்கிறேன். மரம் வெட்டிய கூலி 18,000 ரூபாய். அடிமரத்தைத் தோண்டி எடுக்கத் தனியாக 6,000. அடுத்த சித்திரையில் அதே இடத்தில் நின்ற கார்களின் டேஷ்போர்டு வெயிலில் வெடிக்கிறது என்று புகார் வந்து, நிழல்வலைப் பந்தல் போடக் கொட்டேஷன் வாங்கினோம். 42,000. எச்சத்தைத் துடைக்க ஒரு வாளித் தண்ணீர் போதும். நிழலுக்கு அப்படி வழியில்லை.

அதற்குப் பிறகுதான் நான் பைனாகுலர் வாங்கினேன். பொழுதுபோக்கு என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அது ஒரு பழைய பாக்கி.

சேலத்தில் இதற்கு வழிகாட்ட ஆட்கள் இருக்கிறார்கள். சேலம் பறவையியல் கழகம் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் சேர்ந்து 2015-லிருந்து வருஷாவருஷம் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். விதி சுலபம். குறைந்தது பதினைந்து நிமிஷம் ஓரிடத்தில் நின்றோ நடந்தோ பாருங்கள். எந்தப் பறவை, எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். இ-பேர்டு என்ற இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள். பல வருஷக் கணக்கு சேரும்போது எது குறைகிறது, எது கூடுகிறது என்று அறிஞர்கள் கண்டுபிடிப்பார்கள். நாம் வவுச்சர் போடுகிற ஆள். பேலன்ஸ் ஷீட் அவர்கள் வேலை.

கூட்டமாகப் பறப்பவற்றை எப்படி எண்ணுவது என்று முதலில் திணறினேன். மாலையில் சூறைக்குருவிக் கூட்டம் கடந்து போகும் பாருங்கள், ஒன்று, இரண்டு என்று எண்ணினால் முடியாது. பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணால் பிடித்து, அதே அளவு எத்தனை தடவை இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். அட, இது கேஷ் கவுண்டரில் கட்டைக் கையில் தூக்கியே இது நூறு நோட்டு, இது எண்பதுதான் என்று சொல்வதுதானே! வாழ்நாளெல்லாம் செய்த வேலை வீண் போகவில்லை.

இதற்கு எங்கேயும் போக வேண்டாம். குமரகிரி ஏரி நம் வாசலில் இருக்கிறது. கோயிலுக்குப் படியேறுகிறவர்கள் இரண்டு நிமிஷம் திரும்பி ஏரியைப் பார்த்தால் போதும். இன்றைக்குக் காலை ஆறரைக்கு நானும் ஏ பிளாக் பிள்ளைகள் மூன்று பேரும் போனோம். நாமக்கோழி, முக்குளிப்பான், சிறு நீர்க்காகம், உண்ணிக்கொக்கு, நீலத் தாழைக்கோழி, வெண்மார்பு மீன்கொத்தி, கரையோரம் இரண்டு வாலாட்டிகள். ஆள்காட்டி எங்களைக் கண்டு ஊரையே கூட்டியது. கரையில் கிடக்கிற பிளாஸ்டிக் பைகளையும் தெர்மோகோல் தட்டுகளையும் பட்டியலில் சேர்க்க இடமில்லை. சேர்த்திருந்தால் அவைதான் முதலிடம். அதில் நம் கேட்டைத் தாண்டிப் போன பைகளும் இருக்கும். ஏரி கெட்டுவிட்டது என்று பேசிவிட்டு நாம் உட்கார்ந்துவிடுகிறோம். கன்னங்குறிச்சி மூக்கனேரியும் கெட்டுத்தான் கிடந்தது. 2010-ல் சேலம் மக்கள் குழுவினர் இறங்கித் தூர் வாரி, அந்த மண்ணையே ஏரிக்குள் திட்டுகளாக்கி மரம் நட்டார்கள். அந்தத் திட்டுகளில் இன்றைக்குப் பறவைகள் தங்குகின்றன.

எச்சம் நமக்கு மட்டும் வந்த தொல்லை இல்லை என்பதற்கு இன்னும் இரண்டு சங்கதிகள்.

ஒன்று வேடந்தாங்கல். எல்லோரும் பள்ளிக்கூடச் சுற்றுலா போன இடம்தான். ஏரியில் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் நின்றார்கள். 1798-ல் லயோனல் பிளேஸ் என்ற கலெக்டர் பறவைகளைச் சுடக்கூடாது என்று உத்தரவு எழுதிக் கொடுத்தார். அவர்கள் பறவைப் பிரியர்களாக மட்டும் போய் நிற்கவில்லை. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளைகிறது என்று கண்டுகொண்ட விவசாயிகள் அவர்கள். நல்ல வரவு செலவு தெரிந்தவர்கள் என்று நான் சொல்வேன்.

இன்னொன்று அஸ்ஸாம். இதை நான் சொல்ல நினைத்ததற்குக் காரணம், அந்த ஊரும் தறி ஊர். அங்கே ஹர்கிலா என்று ஒரு பெருநாரை. ஆள் உயரம் இருக்கும், மொட்டைத் தலை, அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டு மரங்களில் கூடு கட்டும். எலும்பும் அழுகிய இறைச்சியும் கீழே விழும். மக்கள் மரத்தை வெட்டிவிடுவார்கள். பூர்ணிமா தேவி பர்மன் என்ற ஆராய்ச்சி மாணவி 2007-ல் ஒரு வீட்டில் அப்படி மரம் வெட்டி ஒன்பது குஞ்சுகள் தரையில் விழுந்து கிடந்ததைப் பார்த்தார். தட்டிக் கேட்டவரை அக்கம்பக்கத்தார் கேலி செய்தார்கள். அவர் சண்டை போடவில்லை. அந்த ஊர்ப் பெண்களைக் கூட்டிச் சமையல் போட்டி வைத்தார், பேசினார், நாரை கூடு கட்டும் பருவத்தில் அதற்கு வளைகாப்பு நடத்தினார். ஆமாம், நாரைக்கு வளைகாப்பு! பெண்கள் தறியில் சேலையிலும் துண்டிலும் அந்த நாரையின் உருவத்தை நெய்து விற்றார்கள். 'ஹர்கிலா சேனை' என்று அவர்களுக்குப் பெயர். 2022-ல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு அவருக்கு 'பூமியின் சாம்பியன்' விருது கொடுத்தது. அம்மாபேட்டைத் தறியில் அன்னமும் மயிலும் நெய்திருக்கிறோம். மடையானை யாரும் நெய்ததாக எனக்குத் தெரியவில்லை.

சரி, இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். செயலாளர் மணியைப் பார்க்கிறார்.

பின்பக்கம் சம்ப் அருகே நிற்கும் தூங்குமூஞ்சி மரத்துக்கு மார்கழியில் மடையான்கள் வந்திருக்கின்றன. சி பிளாக் மூன்றாவது மாடிப் படிக்கட்டு ஜன்னலிலிருந்து நேற்றுவரை பதினொரு கூடுகளை எண்ணியிருக்கிறேன். நான்கில் குஞ்சு தெரிகிறது. மற்றவற்றில் தாய் உட்கார்ந்திருக்கிறது. பிப்ரவரி மாதப் பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவது பொருள் என்ன என்று பார்த்திருப்பீர்கள்: "பின்பக்க மரத்தின் கிளைகளை வெட்டுதல்."

கிளை வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த மரத்துக்கு நேர் கீழே குடியிருக்கும் சகோதரியின் கஷ்டம் நியாயமானது. மீன் நாற்றம் ஜன்னலுக்குள் வருகிறது. காயப்போட்ட துணியை இரண்டு தடவை துவைக்க வேண்டியிருக்கிறது. "உங்களுக்கென்ன அண்ணா, நீங்க மேல நின்னு பைனாகுலர்ல பாக்கறீங்க, நான் கீழ நின்னு தொடைக்கிறேன்" என்று அவர் என்னிடமே சொன்னார். பதில் சொல்ல முடியவில்லை. கூந்தன்குளத்து அம்மாவுக்கு எச்சம் வயலுக்கு உரமாகிறது. நமக்கு வயலும் இல்லை. ஆகவே அந்த ஊரைக் காட்டி இவரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

நான் கேட்பது அவகாசம். முட்டை பொரிய மூன்று வாரம் மட்டில், குஞ்சு பறக்க அதற்கு மேல் ஒரு மாதம், ஒன்றரை மாதம். கடைசிக் கூட்டையும் கணக்கில் வைத்தால் மார்ச் முடிவதற்குள் மரம் காலியாகிவிடும். பிறகு ஜன்னல் பக்கம் சாய்ந்த இரண்டு கிளைகளை மட்டும் கழித்துவிடலாம். அடுத்த மார்கழியில் வருபவை நடுமரத்தோடு நிற்கும். சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், பயமுறுத்த அல்ல. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் சேர்ந்தே வருகின்றன. போன தடவை இதை நாம் யாரும் படித்துப் பார்க்கவில்லை.

இடைப்பட்ட காலத்துக்கு என்னால் முடிந்தது இது. பின்பக்கம் நிற்கும் கார்கள் ஏழு. ஐந்துக்கு விருந்தினர் நிறுத்துமிடத்தில் இடம் இருக்கிறது என்று பொருளாளர் சொல்கிறார். என் பெயரில் உள்ள மூடிய பார்க்கிங்கில் என் ஸ்கூட்டர் மட்டும்தான் நிற்கிறது. மார்ச் 31 வரை ஆறாவது கார் அங்கே நிற்கட்டும்; ஸ்கூட்டர் வெளியில் நின்றுகொள்ளும். ஏழாவதுக்குக் கவர் வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். கீழ்வீட்டுச் சகோதரிக்கு மொட்டை மாடியில் பி பிளாக் பக்கம் கொடி கட்டித் தர எலெக்ட்ரீஷியன் தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார். வாரம் இரண்டு நாள் காலையில் மரத்தடியைக் கழுவிவிட நான் வருகிறேன், இன்னும் இரண்டு பேர் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் நோட்டீஸ் போர்டில் எழுதலாம். ஒரு நிபந்தனை, பேனாவைக் கட்டியிருக்கும் கயிற்றோடு திருப்பி வைக்கவும்.

பிள்ளைகளுக்கு: நாளையும் நாளை மறுநாளும் காலை ஆறேகாலுக்கு மெயின் கேட். தண்ணீர் பாட்டில், நோட்டு, பென்சில். பைனாகுலர் என்னிடம் ஒன்றுதான், முறை வைத்துப் பார்க்கலாம். சிவப்புச் சட்டை வேண்டாம். ஏரிக்கரையில் அந்த நேரத்தில் தட்டுவடை செட் கிடைக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். டீ கிடைக்கும்.